பாவா, உன் வண்டிக்கு சாஃப்ட்வேர் போடவில்லை

என் பிடிவாதக்காரப் பாவாவுக்கு,

உனக்கு வருஷம் திரும்பிவிட்டது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு, அதன் கீழே நாலு வரி 'மீளாத் துயரில்' என்று போடலாம் என்றான் உன் தம்பி முரளி. நான் வேண்டாம் என்றேன். எனக்கு நாலு வரி போதாது. அதோடு நான் துயரத்தில் மட்டும் இல்லை, உன்மேல் கோபத்திலும் இருக்கிறேன். அதை எழுத அந்தக் கறுப்புக் கட்டத்தில் இடம் தரமாட்டார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும்.

உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன். அத்தை மகனாக இருந்தவரை நீ எனக்கு 'நீ'தான். தாலி ஏறிய மறுநாள் காலையில் காபி டம்ளரோடு நான் உன்னை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு அத்தை திருத்தினாள். அன்றிலிருந்து 'நீங்க'. நீ போனபிறகு எனக்கு யாரும் எதையும் திருத்திச் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்கு இப்போது என்னிடம் பிடிக்காதவை நிறைய இருக்கின்றன, இது எங்கோ கடைசியில் வரும்.

முதலில் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடக்கிறது. அம்மையார்குப்பத்தில் சேலை எடுத்து திருப்பதிக் கடைகளுக்குப் போடுவது நின்றுவிடவில்லை. உன் காரியம் முடிந்த அடுத்த மாதமே நான் வண்டியை எடுத்துவிட்டேன். லைசென்ஸ் எனக்குக் கல்யாணமான புதிதிலேயே வாங்கிக் கொடுத்தாய், ஓட்டத்தான் விடவில்லை. 'நீ கலர் பாரு, நான் ரோட்டைப் பாக்கறேன்' என்பாய். இப்போது இரண்டையும் நானே பார்க்கிறேன். கடைக்காரர்கள் முதல் தடவை வண்டியிலிருந்து நான் இறங்கியதும் எனக்குப் பின்னால் யாரையோ தேடினார்கள். இப்போது தேடுவதில்லை.

ஆனால் நடுவில் வண்டி படுத்துவிட்டது, பாவா. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஷோரூமிலிருந்து அந்த வண்டியை எடுத்து வந்த அன்று நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவுக்கே பாடம் எடுத்தாய். 'சாதா இஞ்சின் காத்தைத் தானா இழுத்துக்கும். இதுல உள்ள ஒரு சின்னக் காத்தாடி இருக்கு. வெளிய போற புகையே அதைச் சுத்த வெக்கும், அது காத்தை அமுக்கி அமுக்கி இஞ்சினுக்கு ஊட்டும். டர்போன்னா சும்மாவா? லோடு ஏத்தினாலும் தெரியாது, மேடு ஏத்தினாலும் தெரியாது.' நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் என்பதை மறந்துவிட்டு எனக்கும் சேர்த்துச் சொன்னாய். நானும் புதிதாகக் கேட்பவள் மாதிரி தலையாட்டினேன். உன் முகம் அப்படி இருந்தது.

இரண்டு வருஷம் நீ சொன்னபடியே ஓடியது. பிறகு மேடு தெரிய ஆரம்பித்தது. முதலில் பின்னால் கரும்புகை. அப்புறம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து எவ்வளவு மிதித்தாலும் சத்தம் வராது. லோடு ஏற்றி, கொஞ்சம் வேகம் பிடிக்கும்போதுதான் வரும்.

நகரிக்கு இந்தப் பக்கம் ஒரு நாள் லாரி ஒன்றை முந்தப் போனேன். பாதி முந்தியிருப்பேன். திடீரென்று யாரோ பின்னாலிருந்து சேலை முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி நின்றுபோனது. நிற்கவில்லை, நகர்ந்தது, ஆனால் உயிர் இல்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எதிரே திருப்பதி பஸ். நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. லாரிக்காரன்தான் பிரேக் போட்டு வழி விட்டான். விட்டவன் தலையை வெளியே நீட்டித் தெலுங்கில் ஒன்று சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. அவன் சொன்னது நியாயம்தான்.

அதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே முரளி வந்து உட்கார்ந்தான். மூன்று வேன் வைத்து ஸ்டாண்டில் ஓட்டுபவன், வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? அண்ணி முறைக்கு என்னை 'வதினா' என்று கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் அவன் குரல் தேன் மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும்.

"வதினா, உயிர் பெருசா, சரக்கு பெருசா? வண்டிய என்கிட்ட விடுங்க. நான் ஓட்டிக்கினு போய் சரக்கைப் போட்டுட்டு வரேன். நீங்க வீட்ல இருந்துகினே கலர் பாருங்க. அண்ணன் இருந்தப்போ அப்படித்தான இருந்தீங்க?"

"அண்ணன் இருந்தப்போ வண்டி நல்லா இருந்துச்சு முரளி. வண்டியைச் சரி பண்ணலாம்."

"சரி பண்ணலாம். மெட்ராஸ்ல ஒருத்தன் இருக்கான். லேப்டாப்பை மாட்டி வண்டிக்கு உள்ள இருக்கற சாஃப்ட்வேரையே மாத்திடறான். பிக்கப் பிச்சிக்கினு போவும். ஆடிக் கிருத்திகைக்குள்ள பண்ணிடலாம். அப்படியும் சரியாவலேன்னா வண்டி என்கிட்ட வரட்டும். இன்னா சொல்ற நீ?" கடைசிக் கேள்வி எனக்கு இல்லை, அத்தைக்கு.

"அவன் சொல்றதுதான் சரி" என்றாள் அத்தை. "பொம்பள நடுரோட்ல நின்னுகினு, லாரிக்காரன்கிட்ட வசவு வாங்கிகினு. இது தேவையா?"

நான் சரி என்றேன். அவர்கள் போட்ட கெடுவுக்கு நான் தலையாட்டியது ஒரு காரணத்துக்காக. வண்டி சரியாகிவிட்டால் அதன்பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாதே.

மெட்ராஸில் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு ஷெட்டு. சுவரெல்லாம் ரேஸ் கார் படம். தம்பி வயதில் ஒருவன், நல்ல பையன்தான், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி லேப்டாப்பைத் திறந்தான். பானெட்டையும் திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன் ரப்பர் ஹோஸில் கட்டியிருந்த மஞ்சள் துணி முடிச்சைக் கண்டதும் விரலால் கண்ணைத் தொட்டுக்கொண்டு பானெட்டை மெதுவாக மூடிவிட்டான்.

அந்த முடிச்சு. திருத்தணி மலைமேல் புது வண்டிக்குப் பூஜை போட்ட அன்று நீ கட்டியது. ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, வேண்டிக்கொண்டு, இஞ்சினுக்குள்ளேயே கட்டினாய். சாமி அறையில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மரத்தில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ மட்டும் டர்போவுக்குப் பக்கத்தில் கட்டினாய். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். 'சொன்னா பலிக்காது, கேக்காதே' என்றாய். வேண்டுதல் பலித்தால் அவிழ்த்து அந்தக் காசை உண்டியலில் போடவேண்டும். அதுதான் வழக்கம். இரண்டு வருஷமாக வண்டியைக் கழுவும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் துடைத்தேன். ஒரு தடவைகூட அதன்மேல் கை வைத்ததில்லை.

சாஃப்ட்வேர் பையன் எனக்கு விளக்கினான். எத்தனை டீசல் ஊற்ற வேண்டும், காற்றாடி எவ்வளவு காற்றை அமுக்க வேண்டும் என்றெல்லாம் வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு கணக்கு எழுதி வைத்திருப்பார்களாம். கம்பெனிக்காரன் அதைப் பயந்து பயந்து எழுதுவானாம். இவன் அதைக் கொஞ்சம் தாராளமாகத் திருத்தி எழுதிவிடுவானாம்.

"ரெண்டு வருஷமும் இந்தக் கணக்குலதான ஓடிச்சு?" என்றேன்.

"ஆமா மேடம்."

"அது தேயுமா?"

"எது?"

"சாஃப்ட்வேர்."

சிரித்தான். "அது எப்படி மேடம் தேயும்? டயரா அது?"

"தேயாதது எப்படிக் கெட்டுச்சு?"

பாவா, அவன் யோசித்தான். அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போனது. முரளிதான் குறுக்கே வந்தான். "வதினா, காலேஜ்ல கேள்வி கேட்ட மாதிரி இங்க கேட்டுக்கினு இருந்தா வேலை நடக்காது. அவர் வேலையை அவர் பாக்கட்டும்."

"கேக்கட்டும் சார்" என்றான் பையன். "யாரும் கேக்கறதில்ல. வர்றவங்கள்லாம் எவ்ளோ ஏத்துவேன்னுதான் கேக்கறாங்க. மேடம், ஒரு ரவுண்டு போலாம். ஓட்டறப்போ என்ன நடக்குதுன்னு எடுத்துப் பாக்கலாம்."

நான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு, முரளி பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மேம்பாலத்தில் நன்றாக மிதிக்கச் சொன்னான். மிதித்தேன். அதே உஸ்ஸ். ஓரமாக நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பினான். இரண்டு கோடுகள். கீழேயிருந்து சேர்ந்தே கிளம்பி, பாதியில் பிரிந்து, ஒன்று மேலே போகிறது, ஒன்று அப்படியே படுத்துவிடுகிறது.

"மேல இருக்கறது இஞ்சின் கேக்கற காத்து. கீழ இருக்கறது அதுக்குக் கிடைக்கிற காத்து."

"நீங்க சாஃப்ட்வேர் போட்டா?"

"மேல் கோடு இன்னும் மேல போவும்."

"கீழ் கோடு?"

அவன் முரளியை ஒரு தரம் பார்த்தான். "கொஞ்சம் ஏறும். ஆனா காத்து எங்கயோ வழியில போவுது போல. அதையும் ஈடு கட்டணும்னா டர்போ உயிரை விட்டுச் சுத்தணும். எத்தினி நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

பின்னாலிருந்து முரளி சொன்னான்: "கொஞ்சம் ஏறினா போதும்யா. ஏறின சூட்டோட வித்துடலாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவன் வண்டியைச் சரி செய்ய வரவில்லை. நான் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போனபிறகு எல்லோரும் என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், பாவா. இதைச் செய், அதை விடு, தைரியமாக இரு, அடங்கி இரு. கேட்பது ஏறிக்கொண்டே போகிறது. வழியில் என்ன ஒழுகுகிறது என்று ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

"வேணாம் தம்பி" என்றேன். "முதல்ல ஓட்டை எங்கன்னு பாக்கறேன். அப்புறம் வரேன்." அந்தப் பையன் ஒயரைக் கழற்றிக்கொண்டே, "நானா இருந்தாலும் அதான் பண்ணுவேன் மேடம்" என்றான், முரளிக்குக் கேட்காமல்.

கே.ஜி.கண்டிகையில் காதர் பாயிடம் கொண்டுபோனேன். உன் பழைய ஸ்கூட்டரை நாலு தடவை பிரித்து மாட்டியவர்தான். காற்று உள்ளே போகிற வழியை ஒரு கட்டையால் அடைத்து, பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து வந்து, உள்ளே காற்றை ஏற்றினார். பிறகு ஹோஸ், கிளாம்பு எல்லாவற்றின் மேலும் சோப்புத் தண்ணீர். டியூப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தை, கொஞ்சம் பெரிய அளவில். ஒவ்வோர் இடமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். முடிச்சுக்குக் கிட்டே வந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"எங்க பாய்?"

"இங்கதாம்மா" என்றார், ஆனால் கையை நீட்டிக் காட்டவில்லை, தாடையால் காட்டினார். மஞ்சள் துணிக்கு அடியிலிருந்து நுரை பொங்கிக்கொண்டிருந்தது. பால் பொங்குகிற மாதிரி, அவ்வளவு அழகாக.

"அவுத்துப் பாருங்க."

"அம்மா, அது உங்க சாமி சமாச்சாரம். சோப்புத் தண்ணி ஊத்தினதே நான் பயந்துகினுதான் ஊத்தினேன். அவுத்துக் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல மாட்டித் தரேன்."

"போன மாசம் சர்வீஸ் போட்டப்போ நீங்க பாக்கலியா?"

"பாத்தேன். அங்க மட்டும் பாக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவா. கரும்புகை வர ஆரம்பித்தபோது திருப்பதியில் ஒரு மெக்கானிக் பார்த்தான், கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடினான். மெட்ராஸ் பையன் மூடினான். பாய் மூடினார். நான் இரண்டு வருஷமாகச் சுற்றித் துடைத்தேன். இத்தனை பேர் கும்பிட்டு மூடிய இடத்தில்தான் ஓட்டை இருந்திருக்கிறது. இந்த ஊரில் மட்டும்தான் இது நடக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்லாமலேயே அவிழ்த்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் செய்வது உன் பழக்கம், என் பழக்கம் இல்லை.

"தொட்டேன்னா பாரு" என்றாள் அத்தை. "என் புள்ள கட்டினது அது."

"உங்க புள்ள கட்டினதுதான் அத்தை உங்க புள்ள வண்டியைத் தின்னுகினு இருக்குது."

"வேண்டுதல் நெறவேறாம அவுத்தா குத்தம். அதுவும் கட்டினவனே இல்ல."

முரளி சட்டம் பேசினான். கட்டினவன் இல்லையென்றால் அவன் மகன் அவிழ்க்கலாம். மகன் இல்லையென்றால் தம்பி. "அவுக்கணும்னா நான்தான் அவுக்கணும் வதினா. ஆனா நான் மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம். அதைத் தொடாம சாஃப்ட்வேர் போட்டுடுவோம். யாருக்கும் குத்தம் வராது."

கேட்டாயா? குற்றம் வராமல் இருக்க சாஃப்ட்வேர். சாமிக்கும் வலிக்கக் கூடாது, இவனுக்கும் வலிக்கக் கூடாது. டர்போ வெடித்தால் அது கம்ப்யூட்டர் பாவம். அதற்குள் வண்டியும் கைமாறியிருக்கும். அம்பத்தூர்ப் பையன்கூட அந்தச் சாஃப்ட்வேருக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நினைத்திருக்கமாட்டான்.

நான் உள்ளே போனேன். அத்தை பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அவன் எதுக்குக் கட்டினான்னு நெஜமாவே உனக்குத் தெரியாதா? வயித்துல ஒண்ணு தங்கணும்னுதான் கட்டியிருப்பான். வேற எதுக்கு?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை என்றால் நீ நம்புவாயா? நம்பாதே. தோன்றியிருக்கிறது. வண்டியைக் கழுவும்போதெல்லாம் தோன்றியிருக்கிறது. அதனால்தான் ஒருவேளை நானும் கை வைக்கவில்லையோ என்னவோ.

நிஜமாகவே அதற்குத்தான் கட்டினாயா, பாவா? நாற்பதைத் தொட்ட என்னை வைத்துக்கொண்டு, டாக்டர்கள் எல்லோரும் கைவிரித்த பிறகு, என்னிடம் 'போதும் தேவகி, நாம ரெண்டு பேர் போதும்' என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் இஞ்சினுக்குள் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாயா? அப்படியானால் என்னிடம் சொன்னது பொய்யா? இல்லை, இரண்டுமே உண்மையா?

உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் வண்டியால் வந்ததில்லை. நெஞ்சு வலித்ததையும் இப்படித்தான் முடிந்து வைத்தாய். கேட்டால் வாயு என்றாய். மாத்திரை என்ன என்று கேட்டால் 'கேக்காதே' என்றாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைக் கேட்டார், 'எவ்வளவு நாளா வலி இருந்துச்சும்மா?' என்று. எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே தலையணை. ஆனால் தெரியவில்லை. அந்த டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் உனக்குச் சொல்லவே போவதில்லை. அதை நீயும் கேட்காதே.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. அத்தை சொல்வது சரி என்றால் அந்த வேண்டுதல் இனி பலிக்காது. பலிக்காத வேண்டுதலை யாரும் அவிழ்க்கக் கூடாது. அப்படியென்றால் நான் இருக்கும்வரை அந்த ஓட்டையோடுதான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் இறங்கிக்கொள்ள வேண்டும். நீ எதைக் கேட்டிருந்தாலும் சரி, உன் பெண்டாட்டி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றா கேட்டிருப்பாய்?

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வாசலில் பானெட்டைத் திறந்தேன். கும்பிட்டுவிட்டுத்தான் தொட்டேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் முடிச்சு அவிழவில்லை. இரண்டு வருஷச் சூட்டில் துணி கருகி ரப்பரோடு ஒட்டிக்கிடந்தது. துணி வெட்டுகிற கத்தரியை எடுத்து வந்தேன்.

"கத்தரியா வெக்கற?" என்றாள் அத்தை, வாசற்படியில் நின்று. "தாலி மாதிரிடி அது."

"அதையும்தான் கழட்டச் சொன்னீங்க அத்தை. கழட்டினேன். அன்னிக்கு ஏன்னு கேட்டேனா?"

நான் வெட்டினேன்.

காசு ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது, சிங்க முகம் போய்விட்டது. வண்டி அதிர்கிற ஒவ்வொரு அதிர்வுக்கும் அது ரப்பரில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குக் கீழே நகம் அகலத்துக்கு ஒரு கீறல். விரலால் அமுக்கினால் உதடு மாதிரி திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. அதனால்தான் நிற்கும்போது சத்தம் இல்லை. பாரம் ஏறினால்தான் அது வாயைத் திறக்கும். உன்னை மாதிரி இல்லை, நீ பாரம் ஏறினாலும் திறக்கமாட்டாய்.

காதர் பாய் புது ஹோஸ் மாட்டினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. அவரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை நீட்டினார். "குதிரை மாதிரி போவுதும்மா. அய்யா வேற எங்கயாச்சும் கட்டி வெச்சிருக்காரா, பாத்துக்கோங்க" என்றார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சிரித்த பிறகுதான் அவரும் சிரித்தார். உன்னைப் பற்றி இந்த ஒரு வருஷத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே பின் சீட்டை மடக்கிவிட்டு, கண்ணாடி வரைக்கும் சேலைக் கட்டு ஏற்றிக்கொண்டு, தனியாகத் திருப்பதிக்குப் போனேன். நகரிக்கு இந்தப் பக்கம் முன்னால் ஒரு லாரி. எதிரே யாரும் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு மிதித்தேன். நீ சொன்னது சரிதான், பாவா. லோடு இருப்பது தெரியவே இல்லை.

முரளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "லக்குல சரியாச்சு வதினா. சாஃப்ட்வேரும் போட்டிருந்தா இன்னும் பறக்கும்" என்கிறான். அந்த அம்பத்தூர்ப் பையனும் போன் செய்தான். ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்ள ஆசை. சொன்னேன். அப்புறம், "மேடம், அன்னிக்கு நானும் கண்ல ஒத்திக்கினு மூடிட்டேன்ல?" என்றான். இப்போது வண்டி நன்றாக இருப்பதால் சாஃப்ட்வேர் போட்டால் நிஜமாகவே பலன் தெரியும் என்றும் சொன்னான். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனிக்காரன் பயந்து எழுதின கணக்கே எனக்குப் போதும் என்றேன். நான் ரேஸுக்குப் போகவில்லை. திருப்பதிக்குப் போய்விட்டு உயிரோடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அத்தை சில நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். பிறகு ஒரு நாள் விடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். காசு அவள் முந்தானையில் முடிந்திருந்தது. எங்கே போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பாதி ஏறியதும், "சத்தம் காணோமே" என்றாள்.

"ஆங், நின்னுடுச்சு அத்தை."

உண்டியல் முன்னால் போய் நின்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பலிச்சாத்தான போடணும். அவன் கேட்டது கெடைக்கல. இப்போ போடறதா, வேணாமா?" குழந்தை மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அத்தை என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டாள். மலையிலிருந்து இறங்கும்போது, "குத்தம் வந்தா உன் தலைமேல" என்றாள். வரட்டும் என்றேன்.

ஆடிக் கிருத்திகையும் வந்து போயிற்று. கெடுவைப் பற்றி முரளி பேச்சே எடுக்கவில்லை. நானே எடுத்தேன். வண்டியை என் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். அத்தையும் அவள் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று சொன்னபோது அவன் அவளைப் பார்த்தான். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "ஓட்டறவ பேர்ல இருக்கட்டும்டா" என்று அரிசியிடம் சொன்னாள்.

கிருத்திகைக் கூட்டம் இறங்கியபிறகு நான் மட்டும் ஒரு தடவை மேலே போனேன். கூட்டம் குறைந்திருந்தாலும் வரிசை இருந்தது. முன்னால் ஒரு அம்மா, பின்னால் மொட்டை போட்ட ஒரு குடும்பம். சந்நிதிக்கு நேரே வந்ததும் நான் முடிச்சு ஏதும் போடவில்லை, மனசுக்குள் முணுமுணுக்கவும் இல்லை. வாய்விட்டே கேட்டேன். "முருகா, நான் எடுக்கற சரக்கை நானே கொண்டுபோய்ச் சேக்கணும். கையிலயும் கண்ணுலயும் தெம்பு இருக்கற வரைக்கும் நானே ஓட்டணும்." முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தாள். "சத்தமா கேட்டா பலிக்காதும்மா" என்றாள்.

"பலிக்காட்டிப் போவுது" என்றேன். "கேட்டது இன்னான்னு நாலு பேருக்காவது தெரியட்டும்."

பாவா, இதை உனக்கு வாக்காகவே கொடுக்கிறேன். வலித்தால் வலிக்கிறது என்பேன். வேண்டுமென்றால் வேண்டும் என்பேன். எனக்குப் பிறகு எந்த டாக்டரும் எந்த வராந்தாவிலும் என்னைப் பற்றி யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி நான் விடமாட்டேன். உன்னிடம் நான் கற்றுக்கொள்ளாத ஒன்று இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மறுபடி லோடு.

உன் மாமன் மகள்,
நீ பதில் சொல்ல முடியாதபோது பேசி ஜெயிப்பது பிடிக்காத
தேவகி
திருத்தணி